ஜப்பானியர் படங்களில் இல்லறம்

ஜப்பான் தேசத்துப் படக்காட்சி என்ற சொல்லைக் கேட்டவுடனே நம் மாணவர் பலர்க்கும் நினைவில் எழுவன இரண்டு. ஒன்று, வாளேந்திப் பகைவரை வெட்டி வீழ்த்தும் சாமுராய் வீரன். மற்றொன்று, கடலினின்று எழுந்து நகரத்தை மிதித்து அழிக்கும் காட்ஸில்லா என்னும் பெருவிலங்கு. 'ஏழு சாமுராய்' என்ற படமும், 'காட்ஸில்லா'வும் 1954-ஆம் ஆண்டிலேயே வெளிவந்து உலகெங்கும் பெயர் பெற்றன. அவற்றின் சிறப்பை யாம் மறுப்போமல்லோம். ஆயினும் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அவையல்ல. தாய் தந்தையர் மக்களைக் காணச் செல்லுதல், மகளுக்கு மணம் பேசுதல், மூத்தோன் இறந்த நாளில் குடும்பத்தார் ஒருங்கு கூடி உண்ணுதல் என்னும் இத்தகைய செய்திகளையன்றிப் பிறிதொன்றும் கூறாத படங்களும் தொலைக்காட்சி நாடகங்களும் அந்நாட்டில் மிகப் பல. எமது வேண்டுகோளுக்கிணங்கி அவற்றுள் ஒன்றைக் கண்ட நண்பர் ஒருவர், "இரண்டேகால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன், ஒன்றும் நடக்கவில்லையே!" என்று எம்மை நொந்துகொண்டார். அவர் கூறியது முற்றிலும் தவறென்று சொல்வதற்கில்லை. ஆதலின் அவர் குறையையே தலைவாயிலாகக் கொண்டு உட்புகுவோம்.

நண்பர் கண்ட படம் 'டோக்கியோ கதை'. யஸுஜிரோ ஓஸு என்னும் டைரக்டர் தம் தோழராகிய கோகோ நோதாவுடன் கூடிக் கதை வகுத்து 1953-இல் வெளியிட்டது. அதன் கதையை நான்கு வரியிற் கூறிவிடலாம். ஓனோமிச்சி என்னும் கடற்கரையூரில் வாழும் முதியோர் இருவர், டோக்கியோவில் குடியேறிய தம் மக்களைக் காண இரயிலேறுகின்றனர். மூத்த மகன் மருத்துவன். மூத்த மகள் கூந்தல் ஒப்பனைக் கடை நடத்துபவள். இருவர்க்கும் ஓயாத வேலை. பெற்றோரை உடனிருந்து உபசரிக்க இயலாமையால் அவர்களை அதாமி என்னும் வெந்நீரூற்றுத் தலத்துக்கு அனுப்பி வைக்கின்றனர். போரில் மடிந்த இளைய மகனின் மனைவி நோரிகோ ஒருத்தியே, அலுவலகத்தில் ஒரு நாள் விடுப்புப் பெற்று, மாமன் மாமியர்க்கு நகரைச் சுற்றிக் காட்டுகின்றாள். ஊர் திரும்பும் வழியில் முதியாள் நோயுற்று, வீடு சேர்ந்தபின் இறக்கின்றாள். மக்கள் வந்து அடக்கம் முடித்து மீளுகின்றனர். இவ்வளவே.

இனி இக்கதையை நம் நாட்டுப் படமுதலாளி ஒருவர் கையிற் கொடுத்தால் என்னாகும் என்று எண்ணிப் பாருங்கள். மூத்த மகள் கொடியவளாவாள், மருமகள் தெய்வமாவாள், இறுதியில் மக்கள் கதறியழுது பெற்றோர் காலில் விழுவர், கொட்டகை முழுதும் கண்ணீர் பெருகும். ஓஸு இவற்றுள் ஒன்றையும் செய்திலர். மாறாக அவர் காட்டுவன மிகச் சிறியன. பாட்டன் பாட்டியர்க்கு இடம் வேண்டித் தன் மேசையை நகர்த்தி வைத்தமைக்குப் பேரன் சினக்கின்றான். மாமனார் மாமியார்க்கென மருமகன் நல்ல பலகாரம் வாங்கி வர, மகள் ஷிகே, இத்தனை விலையில் வேண்டுவதில்லை, சாதாரண அரிசி அப்பளமே போதும் என்று சொல்லித் தானே ஒன்றை எடுத்துத் தின்கின்றாள். கடைக்கு வந்த பெண்ணொருத்தி, அம்முதியோர் யாவர் என்று வினவ, ஊரிலிருந்து வந்த தெரிந்தவர்கள் என்று விடை கூறுகின்றாள். பாட்டி தன் சிறு பேரனோடு கரைமேட்டில் நின்று, நீ பெரியவனாகி வைத்தியனாகும்போது நான் இருப்பேனோ என்று தனக்குத்தானே பேசுகின்றாள். குழந்தையோ புல்லைப் பறிப்பதிலேயே கருத்தாயிருக்கின்றது. அது விடை கூறவில்லை. கூற வேண்டும் என்பதும் அதற்குத் தெரியாது. இக்காட்சியைக் காணுந்தோறும் எம் நெஞ்சம் பதைக்கின்றது. அழுகையோ, இசையின் ஓலமோ ஒன்றும் அங்கில்லை.

யாம் மாணாக்கராயிருந்த காலத்தில் விடுதியில் நண்பர் நால்வரோடு இப்படத்தை முதன்முறை கண்டோம். கண்டு முடிந்தபின் ஷிகேயை வாயார வைதோம். தாய்க்கு நோய் முற்றியது என்ற தந்தி வந்தவுடன், துக்க உடையையும் எடுத்துச் செல்வோமா என்று தமையனைக் கேட்டவளன்றோ அவள்! அடக்கம் முடிந்து உணவருந்தும்போதே, தாயின் இன்ன கச்சையும் இன்ன ஆடையும் நினைவுப் பொருளாக எனக்கு வேண்டும் என்று கேட்டவளன்றோ! அவளைப் போன்ற பாவி உலகத்தில் இலள் என்று அன்று தீர்ப்புக் கூறினோம். பல ஆண்டுகள் கழிந்தன. ஓர் இரவு, எம் தாயார் மூச்சுத் திணறலால் மருத்துவமனையில் இருக்கின்றார் என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. பெட்டியில் துணி அடுக்குங்கால் எத்தனை நாள் விடுப்பு வேண்டியிருக்கும் என்று விரல்விட்டு எண்ணினோம். அலமாரியின் அடித்தட்டிலிருந்து வெள்ளை வேட்டி இரண்டை எடுத்து மடித்து உள்ளே வைத்தோம். எதற்காக வைக்கின்றோம் என்று எம்மையே வினவிக்கொள்ளத் துணிவு வரவில்லை. தாயார் அம்முறை பிழைத்தெழுந்தார். வேட்டிகள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தன. அதன்பின் இப்படத்தை மறுமுறை காண நேர்ந்தபோது ஷிகேயை வைவதற்கு எமக்கு வாயெழவில்லை. முதன்முறை கண்ணிற்படாத ஒன்றும் அப்போது புலனாயிற்று: தாயின் உயிர் பிரிந்தபோது வெளிப்படையாகத் தேம்பியழுபவளும் அந்த ஷிகேயே.

கொடியோன் என ஒருவனை நிறுத்தாமல் குற்றத்தை வீட்டிலுள்ளார் எல்லோர்க்கும் சிறிது சிறிதாகப் பங்கிட்டு வைத்தலே இப்படங்களின் உயிர்நிலை என்பது எமது துணிபு. கொடியோன் ஒருவன் இருப்பின், காண்போர்க்கு எளிதாகின்றது. அவனைத் தூற்றிவிட்டு, நாம் நல்லோர் என்ற மனநிறைவோடு வீடு செல்லலாம். அவன் இல்லையாயின், அக்குற்றத்தில் ஒரு பங்கு கொட்டகையில் அமர்ந்திருப்பவனையும் வந்து சேருகின்றது. நம் நண்பர்க்கு 'ஒன்றும் நடக்கவில்லை' என்று தோன்றியமைக்கு ஒரு காரணம் இதுவாகலாம். யாரை வெறுப்பது என்று படம் அவர்க்குச் சொல்லவில்லை.

இதற்கேற்ப ஓஸு தம் காமிராவையும் அமைத்தனர். அது பெரும்பாலும் தரையை ஒட்டித் தாழ வைக்கப்பட்டிருக்கும். பாயில் அமர்ந்திருப்பவன் கண்ணுக்கு வீடு எங்ஙனம் தோன்றுமோ அங்ஙனமே, சில வேளைகளில் அதனினும் சற்றுத் தாழ்ந்தே, படம் நமக்குக் காட்டுகின்றது. பாயில் உட்கார்ந்து உண்டு வளர்ந்த நமக்கு இது புதுமையன்று. நாற்காலியினின்று இறங்கியவர்க்கே புதுமை. காமிரா ஓடுவதில்லை, பேசுவோரைத் துரத்துவதுமில்லை. ஒரு காட்சிக்கும் மற்றொரு காட்சிக்கும் இடையில் புகைபோக்கி, உலர்த்திய துணி, படகு, ஆளில்லாத தாழ்வாரம் என ஏதேனுமொன்று சில விநாடி நிற்கும். கதைக்கு இவற்றால் பயனென்னை என்று வினவுவாருளர். அவ்விடைவெளியில்தான் காண்போன் தன் வீட்டை நினைக்கின்றான் என்பதே எமது விடை.

ஓஸுவின் வாழ்க்கையையும் சிறிது கூறுதல் வேண்டும். 1903 டிசம்பர் 12-ஆம் நாள் பிறந்து, 1963-இல் அதே டிசம்பர் 12-ஆம் நாள், அறுபது நிறைந்த அன்றே மறைந்தவர். மக்களுக்கு மணம் முடித்து வைக்கும் பெற்றோரைப் பற்றிப் படம் மேற்படமாக எடுத்த இவர், தாம் மணம் செய்துகொள்ளவில்லை. 1962-இல் தாய் இறக்கும்வரை தாயோடே வாழ்ந்தார். காமாகுராவில் உள்ள அவர் கல்லறையில் பெயர் இல்லை. 'இன்மை' எனப் பொருள்படும் ஓரெழுத்தே பொறிக்கப்பட்டுள்ளது. நம்மவர்க்கும் அவர்க்கும் எதிர்பாராத தொடர்பொன்றும் உண்டு. 1943-இல் ஜப்பானிய இராணுவம் அவரைச் சிங்கப்பூருக்கு அனுப்பியது. சுபாஷ் சந்திர போஸின் விடுதலை இயக்கத்தைப் பற்றி 'டெல்லிக்கு, டெல்லிக்கு' என்றொரு பிரசாரப் படம் எடுத்தல் அவர்க்கு இடப்பட்ட பணி. மலேயாத் தமிழர் பல்லாயிரவர் அவ்வியக்கத்தில் சேர்ந்திருந்தமை யாவரும் அறிந்ததே. ஓஸு அப்பணியில் ஊக்கங்காட்டவில்லை. இராணுவத்தார் கைப்பற்றி வைத்திருந்த அமெரிக்கப் படங்களைக் கண்டும், நூல் படித்தும், டென்னிஸ் ஆடியும் காலங்கழித்தார். 1945-இல் ஜப்பான் பணிந்தபோது எடுத்தவரையில் இருந்த படச்சுருளையும் கதையேட்டையும் அழித்துவிட்டார். பின்னர்க் கைதியாக இரப்பர்த் தோட்டத்தில் வேலை செய்தார். தாயகம் திரும்பும் முதற்கப்பலில் எல்லோர்க்கும் இடமில்லாமையால் சீட்டுக் குலுக்கினர். தமக்கு விழுந்த இடத்தை வீடு செல்லத் துடித்த மற்றொருவர்க்குக் கொடுத்துவிட்டு, 1946-இல் பின்னொரு கப்பலில் ஊர் சேர்ந்தார். போரைப் பற்றி அவர் படங்களில் முழக்கமில்லை. நோரிகோவின் சிற்றறையில் மாட்டியிருக்கும் கணவன் புகைப்படமே போர். அதனைக் கிழவர் ஏறிட்டுப் பார்ப்பதோடு அப்பேச்சு முடிகின்றது.

'டோக்கியோ கதை' வெளிவந்த அதே 1953-ஆம் ஆண்டு, பிப்ரவரி முதல் நாள், என்.எச்.கே. என்னும் ஒலிபரப்பு நிறுவனம் ஜப்பானில் தொலைக்காட்சியைத் தொடங்கியது. சில ஆண்டுகளில் மக்கள் கொட்டகைக்குச் செல்வதைக் குறைத்துக்கொண்டனர். ஆனால் ஓஸு பணியாற்றிய ஷோச்சிகு படநிலையத்தின் இல்லறக் கதை மரபு அதனால் மாண்டுபோகவில்லை. வீட்டுக்கூடத்துப் பெட்டிக்குள் குடிபுகுந்தது. கெய்ஸுகே கினோஷிதா என்னும் பெரும் டைரக்டர் தாமே தொலைக்காட்சிக்கு நாடகங்கள் அளிக்க முன்வந்தார். அவரிடம் உதவியாளராயிருந்த தாயிச்சி யாமதா பின்னாளில் நாடகாசிரியராகி 'கரையோர ஆல்பம்' என்ற தொடரை 1977-இல் எழுதினார். தாமா ஆறு 1974-இல் கரையுடைத்து, கொமாயே நகரில் 19 வீடுகளை அடித்துச் சென்றது உண்மை நிகழ்ச்சி. அவ்வீடுகளுள் ஒன்றில் வாழ்ந்தார் எனப் புனைந்துகொண்ட ஒரு குடும்பமே கதை. தாய், தந்தை, மகள் மூவரும் ஒருவர்க்கொருவர் மறைத்து வைத்தவற்றை மகன் அறிந்துகொள்கின்றான். வெள்ளம் வரும்போது அவர்கள் வீட்டினின்று காத்துக்கொள்ள விரும்புவது புகைப்படத் தொகுதிகளை. எல்லோரும் சிரித்த முகத்தோடு நிற்கும் படங்களை!

அந்நாட்டில் தொலைக்காட்சி நாடகத்துக்கு டைரக்டரைக் காட்டிலும் நாடகாசிரியர் பெயரே முன்னிற்பது வழக்கம். இவ்வழக்கத்தை யாம் மிகவும் விரும்புகின்றோம். அந்நாடகாசிரியருள் எம் உள்ளங் கவர்ந்தவர் குனிகோ முகோதா என்னும் அம்மையார். 1981-இல் தைவானில் நிகழ்ந்த விமான விபத்தில் 51 வயதில் மறைந்தார். அவர் 1979-இல் எழுதிய 'அசுரரைப் போல' என்னும் நாடகம், எழுபது வயதுத் தந்தை வேறொரு பெண்ணோடு தொடர்பு கொண்டிருப்பதை அறிந்த நான்கு சகோதரிகளின் கதை. தாய்க்குத் தெரியக்கூடாதென்று அவர்கள் படும் பாடு நகைப்பை விளைக்கும். ஒரு நாள் தாய், குழந்தைப் பாட்டொன்றை முணுமுணுத்துக்கொண்டே கணவரது மேலங்கியைத் துடைத்து மாட்டுகின்றாள். பையிலிருந்து ஒரு பொம்மைக் கார் விழுகின்றது. அது அந்த மற்றொரு வீட்டுச் சிறுவனுடையது. சிறிது நேரம் அதனைப் பார்க்கின்றாள். பாட்டு நிற்கவில்லை. திடீரென்று அதனை ஓங்கி எறிகின்றாள். காகிதக் கதவு கிழிந்து துளை விழுகின்றது. அடுத்த கணம் அவள் முகம் முன்போலவே சாந்தமாயிருக்கின்றது. நாற்பது ஆண்டு பொறுத்த ஒருத்தியின் உள்ளத்தை இதனினும் சுருங்கக் கூறுதல் அரிது. இந்நாடகத்தை ஹிரோகாஸு கோரேஎதா என்னும் டைரக்டர் புதிதாக எடுத்து 2025-இல் வெளியிட்டார். மாணவர் முதலில் இதனைக் காணலாம். ஓஸுவைக் காட்டிலும் எளிதில் உட்புகவிடும்.

'ஓஷின்' என்ற பெயரைக் கூறாது விடுதல் தகாது. சுகாகோ ஹாஷிதா எழுதி, 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை நாடோறும் காலையில் 15 நிமிஷம் வீதம் 297 பகுதிகளாக வெளிவந்த இந்நாடகத்தை, ஜப்பானில் சராசரி நூற்றுக்கு 52.6 வீதத்தார் கண்டனர். ஒரு நாள் அத்தொகை 62.9 வரை உயர்ந்தது. ஈரான், எகிப்து, தாய்லாந்து முதலிய நாடுகளிலும் மக்கள் அதனைத் தம் கதையாகவே ஏற்றனர். ஒரு மூட்டை அரிசிக்காக ஏழு வயதுச் சிறுமியை வேலைக்கு அனுப்புகின்றனர். பனி படர்ந்த மொகாமி ஆற்றில் தெப்பத்தில் அவள் செல்ல, தாய் கரையில் நிற்கின்றாள். இது கல்லையும் கரைக்கும் காட்சி. எனினும் உண்மையைச் சொல்லுதல் வேண்டும்: தொடர் நீள நீளத் துன்பத்தின்மேல் துன்பத்தை அடுக்கிக் கண்ணீரை வலிந்து பிழியும் இடங்கள் அதில் பல. கொடுமை செய்யும் மாமியாரும் அதில் உண்டு. ஆயின் கிழவியான ஓஷின், தன் குடும்பத்துப் புதிய கடை திறக்கும் நாளில் ஒருவர்க்கும் சொல்லாமல் வீட்டை விட்டுச் சென்று, எங்கே தவறினோம் என்று தன் வாழ்க்கை வழியைத் திரும்ப நடந்து பார்ப்பதாகக் கதையைத் தொடங்கிய நுட்பம் பாராட்டுக்குரியது. வறுமையை வென்றவளும் வினாவுக்குத் தப்பவில்லை.

ஜப்பானிய நாடகமெல்லாம் இத்தன்மையன என்று எவரும் மயங்கவேண்டா. வங்கி அதிகாரி ஒருவன் தனக்குத் தீங்கிழைத்தவர்க்கு இருமடங்கு திருப்பிக் கொடுப்பேன் என்று சூளுரைத்துப் பழிவாங்கும் 'ஹான்ஸாவா நாவோகி' 2013-இல் பெற்ற வரவேற்பு மிகப் பெரிது. யாமும் அதனை ஓரிரவில் ஐந்து பகுதி கண்டு மறுநாள் வகுப்பில் கண்ணயர்ந்தோம். பழிவாங்குவதில் ஒரு சுவை உண்டு. அதனைப் பொய்யென்று கூறோம். மறுநாள் நினைவில் நிற்பதில்லை, அவ்வளவே.

நினைவில் நின்று வருத்துவது கோரேஎதா 2008-இல் எடுத்த 'நடந்தும் நடந்தும்' போன்றதொரு படம். தம் தாயார் இறந்தபின் அவர் இதனை எடுத்தார். கடலில் மூழ்கிய சிறுவனைக் காப்பாற்றப் புகுந்து தான் இறந்த மூத்த மகனின் நினைவு நாள். குடும்பத்தார் கூடிச் சோளம் பொரித்து உண்கின்றனர். அன்று பிழைத்த சிறுவன் இப்போது பருத்த வாலிபன். ஆண்டுதோறும் அழைக்கப்பட்டு, வியர்த்து நடுங்கி, நன்றி கூறிச் செல்கின்றான். இனியாவது அவனை விட்டுவிடலாமே என்று இளைய மகன் இரவில் கேட்கின்றான். தாய் நூல் பின்னிக்கொண்டே, விடமாட்டேன், ஆண்டில் ஒரு நாளாவது அவனும் துன்புறட்டும் என்று மெல்லிய குரலில் விடை கூறுகின்றாள். பகலெல்லாம் உணவூட்டி, நகையாடி, பேரர்க்கு அன்பு காட்டிய அதே தாய்! அவளாக நடித்த கிரின் கிகி, 1974-இல் முகோதா எழுதிய தொலைக்காட்சி நாடகம் ஒன்றில், தம் 31-ஆம் வயதிலேயே, தம்மினும் பத்தாண்டு மூத்த நடிகர்க்கு அன்னையாகிய கிழவியாக நடித்தவர். 'டோக்கியோ கதை'யில் எழுபது வயது முதியவராகத் தோன்றும் சிஷு ரியூவுக்கும் அப்போது 49 வயதே; அவர்க்கு மூத்த மகனாக நடித்தவர் அவரினும் ஆறாண்டே இளையர். முதுமையை வேடத்தால் அன்று, அமரும் வகையாலும் எழும் வகையாலும் காட்டும் பயிற்சி அந்நாட்டு நடிகர்க்குக் கைவந்தது.

இனி, தொடங்கிய படத்துக்கே மீள்வோம். அதில் குற்றமற்றவள் நோரிகோ ஒருத்தியேனும் உளளே என்று நீவிர் கூறலாம். யாமும் நெடுநாள் அங்ஙனமே எண்ணியிருந்தோம். அடக்கம் முடிந்து, மற்றவரெல்லாம் ஊருக்குப் புறப்பட்டுச் சென்றபின், கடைசி மகளாகிய பள்ளியாசிரியை கியோகோ, தன் தமக்கையின் தன்னலத்தைக் கண்டு வெகுண்டு பேசுகின்றாள். நோரிகோ அவளைத் தேற்றி, மக்கள் வளர்ந்தபின் அவரவர்க்கு அவரவர் வாழ்வு பெரிதாகிவிடும், நானும் ஒருநாள் அப்படியாவேன் என்கின்றாள். அச்சொல்லைப் பணிவுக்குக் கூறியதென்றே கொள்ளத் தோன்றும். பின்பு கிழவர் அவளை அழைத்து, எம் மக்களினும் நீயே எமக்கு மிகுதியும் செய்தாய், என் மகனை மறந்து வேறு மணம் செய்துகொள் என்று அன்போடு கூற, அவள் தன்னைப் பற்றிய உண்மையைத் திறந்துவிடுகின்றாள். நான் அத்தகைய நல்லவளல்லேன். அவரை நினையாத நாட்களும் உண்டு. இரவில் உறக்கமின்றி, இப்படியே இருந்தால் என்னாவேன் என்று அஞ்சுகின்றேன். ஏதோ ஒன்று வந்து சேராதா என்று என் உள்ளம் காத்திருக்கின்றது என்பது அவள் கூற்றின் பொருள். கிழவர் அதனைக் கேட்டுச் சிறிதும் திடுக்கிடவில்லை. இறந்த மனைவியின் கைக்கடிகாரத்தை எடுத்து வந்து அவள் கையில் வைக்கின்றார். அவள் முகத்தை மூடிக்கொண்டு அழுகின்றாள்.

மறுபடியும் இரயில். கியோகோ பள்ளியறைச் சன்னலினின்று அது செல்வதைப் பார்க்கின்றாள். வண்டிக்குள் நோரிகோ கடிகாரத்தைக் கையில் ஏந்தியிருக்கின்றாள். ஓனோமிச்சியில் கிழவர் தனியே பாயில் அமர்ந்து விசிறிக்கொண்டிருக்க, படத்தின் தொடக்கத்தில் பயணத்துக்கு வாழ்த்துக் கூறிய அதே பக்கத்து வீட்டம்மையார் சன்னலருகில் நின்று, தனிமையாயிருக்குமே என்று வினவுகின்றார். இப்படியாகும் என்று தெரிந்திருந்தால் அவளை இன்னும் சற்று அன்பாக நடத்தியிருப்பேன் என்று கிழவர் புன்னகையோடு விடை கூறுகின்றார். ஊருக்குப் புறப்பட்ட அன்று, காற்றுத் தலையணையை உன்னிடந்தானே தந்தேன் என்று மனைவியைக் குறைகூறிவிட்டு, சற்று நேரத்தில் அது தம் பையிலேயே இருக்கக் கண்டெடுத்தவர் அவரே. வெளியே கடலில் ஒரு படகு மெல்லச் செல்கின்றது. அதன் ஓசை சிறிது நேரம் கேட்டுக்கொண்டேயிருக்கின்றது.